வினிகரும் இரண்டு செங்கல்லும்

அன்புள்ள ஐயா,

வீட்டுப் பொருள்களையே கேரேஜில் கருவிகளாக வைத்துக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இறங்கிவிட்டேன். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் பிரித்து வைக்கிறேன். ஆணியைத் துணி கிளிப்பால் பிடித்து அடிக்கிறேன். இரும்புத் தூளைக் காந்தத்தால் அள்ளுகிறேன். ஆயில் மாற்றும்போது காரை ஜாக்கில் தூக்கி, பத்திரத்துக்கு இரண்டு செங்கல் அடுக்கிவிட்டுக் கீழே போகிறேன். ஒரே ஒரு சிக்கல்தான். துருப்பிடித்த போல்ட்டுகளை இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தேன். காலையில் பளிச்சென்று இருந்தவை மாலைக்குள் மறுபடி செம்மஞ்சளாகிவிட்டன. எங்கே தவறு? ஸ்க்ரூவுக்குத் தடவ சோப்பு நல்லதா, மெழுகா? முட்டை அட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வினிகருக்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கேள்வியாகக்கூட எழுப்பாமல் ஒரே வரியில் தாண்டிப்போன அந்த இரண்டு செங்கல்தான் என்னை உட்கார்ந்து பதில் எழுதவைத்தது. ‘பத்திரத்துக்கு’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்!

வீட்டுப் பொருளைக் கருவியாக எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்: இது நடுவில் கைவிட்டால் எது போகும்? துணி கிளிப் நழுவினால் ஆணி சாயும். துளையின் ஆழத்துக்கு அடையாளமாக டிரில் பிட்டில் சுற்றிய மாஸ்கிங் டேப் மேலேறினால் துளை இரண்டு மில்லிமீட்டர் கூடும். தலை தேய்ந்த ஸ்க்ரூவின் மேல் அகலமான ரப்பர் பேண்டை வைத்து ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருகும்போது ரப்பர் கிழிந்தால், இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். குறிக்க, பிடிக்க, பிரித்து வைக்க, துடைக்க வீட்டுப் பொருளைப் போல உதவுவது வேறில்லை. எடை தாங்க மட்டும் அதைக் கூப்பிடாதீர்கள்.

செங்கல்லுக்கு என்ன குறை, வீட்டையே தாங்குகிறதே என்பீர்கள். சுவரில் அது சாந்துப் படுகையில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் அதன் முகம் முழுக்கப் பரவி இறங்குகிறது. காருக்கு அடியில் அப்படியில்லை. பாடியின் ஓரத்தில் மடித்து வெல்டு செய்த மெல்லிய விளிம்போ, சேஸிஸின் ஒரு முனையோதான் செங்கல்லைத் தொடும். இன்ஜின் முன்னால் இருக்கும் 1,000 கிலோ காரென்றால் முன்பக்கத்து ஒரு மூலை மட்டும் 250 கிலோவுக்கு மேல் வரும். அவ்வளவும் ஒரு விரல் அகலத்தில் இறங்குகிறது. சுட்ட மண் வளையாது, நெளியாது; விரிசல் விட்ட கணமே உதிர்ந்துவிடும். மரக்கட்டை என்றால் நசுங்கும்போது முனகியாவது காட்டிக்கொடுக்கும். செங்கல் எச்சரிக்கவே எச்சரிக்காது. உள்ளே துளை விட்ட சிமெண்ட் பிளாக் இதைவிட மோசம், அதுவும் படுக்கவைத்தால்.

நீங்கள் செய்வதோ ஆயில் மாற்றும் வேலை. பழைய ஆயிலை வடிக்க, அடியில் இறுகிப்போன டிரெயின் பிளக்கைக் (வடிகால் திருகை) கழற்ற ஸ்பேனரைப் பக்கவாட்டில் முழு பலத்தோடு இழுப்பீர்கள். அந்த இழுப்பு அப்படியே காரை ஆட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்த இரண்டு செங்கல் அந்த ஆட்டத்தைத் தாங்குமா? ஜாக் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் எண்ணெய் கசிந்து இறங்கிவிடும்.

தூக்கிய காரைத் தாங்கி நிற்பதற்கென்றே செய்த இரும்புத் தாங்கிகள், அதாவது ஜாக் ஸ்டாண்ட், ஒரு ஜோடி வாங்குங்கள். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். கெட்டியான சமதரையில் காரை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிரேக்கால் பயனே இல்லை, முன்சக்கரத்து முட்டுக்கட்டைதான் காரை நிறுத்துகிறது. சக்கரத்தைக் கழற்றுவதானால் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை அடியில் நிறுத்தி, பாரம் முழுக்க அதன்மேல் உட்காரும்வரை மெதுவாக இறக்குங்கள். வெயிலில் இளகிய தார்த்தரையில் ஸ்டாண்டின் கால்கள் புதையும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றை அடியில் போடுங்கள். பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் அடியில் போகலாம்.

வீட்டில் கிடப்பதைக் கொண்டே கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், அதற்கும் இருக்கிறது. கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ பாடிக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்டே சரிந்தாலும் உடம்பு நசுங்காத இடைவெளி மிஞ்சும். ஸ்டாண்டுக்குத் துணையாகத்தான் இது. அதற்குப் பதிலாக அல்ல.

ஸ்க்ரூவுக்குத் தடவ மெழுகுதான். சோப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருவேற்றும். முட்டை அட்டையா, டப்பாவா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? கழற்றிய வரிசையிலேயே வையுங்கள், போதும். காந்தத்தை மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பயன்படுத்துங்கள். பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டினால் தூள் பைக்குள்ளேயே நின்றுவிடும். வெறும் காந்தத்தில் ஒட்டிய தூளை எடுத்து மாளாது.

இனி வினிகர். ஊறவைத்தது தவறில்லை, எடுத்தபின் விட்டுவிட்டீர்கள். துரு போனதும் மேல்பூச்சு எதுவுமில்லாத இரும்புதான் வெளியே நிற்கிறது. மரையின் இடுக்குகளில் அமிலமும் ஈரமும் மிச்சமிருக்கும். சில மணி நேரத்தில் துரு திரும்பாமல் என்ன செய்யும்? எடுத்தவுடன் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். நுரைப்பது நின்றால் அமிலம் முறிந்துவிட்டது. மறுபடி கழுவித் துணியால் துடைத்து, ஹேர் டிரையரின் சூட்டுக்காற்றில் உடனே உலர்த்துங்கள். காற்றாட வைத்துக் காயட்டும் என்று விட்டால் அதற்குள்ளேயே துரு வந்துவிடும். சூடு ஆறுவதற்குள் மெஷின் ஆயில் மெல்லியதாகப் பூசுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

ஒரு நாளுக்கு மேல் ஊறவிடாதீர்கள். துருவைத் தின்று முடித்தால் அமிலம் மரையைத் தின்னும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டை அதில் போடவே கூடாது, முலாம் கரைந்துவிடும். ஸ்பிரிங்குகளும், தலையில் 10.9, 12.9 என்று பலத்தின் தர எண் பொறித்த கடின போல்ட்டுகளும் அமிலத்துக்கு ஆகாது. அமிலம் இரும்பைத் தொடும்போது கிளம்பும் ஹைட்ரஜன் அந்தக் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். வெளியே பளபளப்பாக இருந்துவிட்டு முறுக்கி மாட்டிய பிறகு முறியும். நீங்கள் ஊறவைத்தவை எந்த போல்ட்டுகள் என்று எழுதவில்லை. ஒவ்வொன்றின் தலையையும் பாருங்கள். சக்கரத்து போல்ட் அதில் ஒன்று இருந்தாலும் துடைத்து மாட்டாமல், புதிதாக வாங்கிப் போடுங்கள்.