கதையில் கருத்து எங்கே, அக்கா?

எங்கள் சிங்கப்பூர் வாசிப்புக் குழுவில் இந்த முறை தத்துவம் பேசும் சிறுகதைகளை எடுத்துக்கொண்டோம். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (பொங்கோல் வாசகி): தத்துவக் கதை என்றாலே பயமாக இருக்கிறது அக்கா. எதில் தொடங்கலாம்?

பதில்: புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. 1943இல் வந்தது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கடவுளைச் சந்திக்கிற பிள்ளை, அவரைக் காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார். பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பேச்சு வரும்போது, யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்பார். சிரித்து முடித்தபிறகுதான் அந்தக் கேள்வி உறைக்கும்.

கேள்வி (தொடக்கக்கல்லூரி மாணவர்): காஃப்காவின் ‘சட்டத்தின் முன்’ கதையின் கருத்தை ஒரு வரியில் சொல்லுங்களேன்.

பதில்: ஒரு வரிக்குள் அடங்காது தம்பி. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1915இல் வெளியானது, ஓரிரு பக்கம்தான். சட்டத்துக்குள் நுழைய ஒரு கிராமத்து ஆள் வருகிறான். வாயில் திறந்தே இருக்கிறது. காவலன் ‘இப்போது முடியாது’ என்கிறான். ஆள் ஆயுள் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். சாகிற நேரத்தில், இந்த வாயில் உனக்கென்றே இருந்தது, இனி மூடப்போகிறேன் என்கிறான் காவலன்.

கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, ‘துணிந்து நுழைந்திருக்க வேண்டும்’ என்று முடித்துவிடுவது சுலபம். நான் நடுவில் நின்றுவிடுவேன். அவன் கொடுக்கிற லஞ்சத்தையெல்லாம் காவலன் வாங்கிக்கொள்கிறான். எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்று நீ நினைக்கக்கூடாதே, அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று வேறு சொல்கிறான்! அப்புறம், வருடக்கணக்கில் காவலனையே பார்த்துப் பார்த்து, அவனுடைய ரோமக் கோட்டின் காலரில் இருக்கும் தெள்ளுப்பூச்சிகள்கூட இவனுக்குப் பழக்கமாகிவிடுகின்றன. அவற்றிடமும் சிபாரிசு கேட்கிறான். வாயில் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, காவலன் மட்டும்தான் மிச்சம்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வருவதில்லை. வரிசை எண் எடுத்து, திரையில் எண் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் ஒழுங்கு என்று பழகிய ஊர் நம்முடையது. எண் வராமலே போனால் நம்மில் எத்தனை பேர் எழுந்து போய்க் கேட்போம்?

கேள்வி (துவாஸில் வேலை செய்யும் வாசகர்): ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?’ கதையில், கடைசியில் ஆறடி நிலம்தான் என்கிறார் டால்ஸ்டாய். ஊரில் ஒரு மனை வாங்கத்தான் நான் இங்கே வந்தேன். இதுவும் பேராசையா அக்கா?

பதில்: இல்லவே இல்லை. 1886இல் வந்த அந்தக் கதையின் பாகோம் ஏற்கெனவே நிலபுலன் உள்ளவன். 1000 ரூபிள் கட்டினால், ஒரு நாளில் நடந்து வளைக்கிற நிலமெல்லாம் அவனுக்கு. சூரியன் மறையுமுன் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆறடி முடிவு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. விடையைக் கையில் திணித்து அனுப்புகிற மாதிரி இருக்கும். ஆனால் திரும்ப வேண்டிய நேரத்தில் ஈரமான பள்ளம் ஒன்று கண்ணில் படுகிறது. ஆளிச்செடி நன்றாக விளையுமே என்று அதையும் சேர்த்து வளைக்கிறான். அது நல்ல விவசாயியின் கண். எந்த அடியில் அது பேராசை ஆனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. புரோக்கர் பக்கத்து மனையையும் காட்டும்போது அந்தப் பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு முறை படித்தும் புரியவில்லை என்றால்?

பதில்: மறுபடி படியுங்கள். சின்னக் கதைதானே.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): போர்ஹெஸின் ‘பாபேல் நூலகம்’ கதையா, கணக்குப் பாடமா?

பதில்: இரண்டும்தான். கணக்கைத் தாண்டிவிடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தக் குறிகள் 25. இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் வரக்கூடிய எல்லாப் புத்தகமும் அங்கே இருக்கிறது. உங்கள் வாழ்க்கையின் உண்மைக் கதையும் உண்டு, அதன் பொய்க் கதைகளும் உண்டு. எது எதுவென்று சொல்ல ஆளில்லை. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். எம்ஆர்டியில் வேண்டாம், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.