ராஜபாளையம் ஜோடி இருக்கிறது, வீட்டிலேயே குட்டி எடுக்கலாமா?

தோட்டக் காவலுக்கு வெள்ளை ராஜபாளையம் நாயில் ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் வைத்திருக்கிறேன், குட்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் தம்பி. அதற்கு முன்னால் இரண்டுக்கும் இரண்டு காதும் கேட்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன்.

அநேகமாக இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் எலுமிச்சை, மீதி மக்காச்சோளம். 'வேற வேற ஈத்து' என்று சொல்லித்தான் விற்றார். இரண்டுக்கும் தகப்பன் ஒன்று என்பது குட்டிகள் பிறந்த பிறகே தெரிய வந்தது.

நாள் கணக்கெல்லாம் பெரிய விஷயமில்லை. ரத்தம் பட ஆரம்பித்து 10 நாளுக்கு மேல் பெட்டை வாலை ஒதுக்கிக் கொடுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று தடவை சேர்த்தால் போதும். அங்கிருந்து சுமார் 63 நாள். சினையில் கால்சியம் டானிக் மட்டும் ஊற்றாதீர்கள், குட்டி போட்ட பிறகு நடுக்கம் வந்து படுத்துவிடும்.

எங்களுக்கு ஏழு குட்டி. ஐந்தாவது வாரம் தட்டைத் தட்டினால் ஐந்து ஓடிவரும், இரண்டு சாக்கின்மேல் தூங்கிக்கொண்டே இருக்கும். மற்றவை மிதித்துக்கொண்டு ஓடும்போதுதான் கண் விழிக்கும். 'வயிறு நிறைஞ்சிருக்கும்ப்பா' என்றார் அம்மா. அந்த வாரம் ஊரில் கோயில் கொடை. வேட்டுப் போட்டதும் ஐந்து குட்டிகள் கட்டிலுக்கடியில் பாய்ந்தன. அந்த இரண்டும் அசையவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

கால்நடை மருத்துவர் விளக்கினார். வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு உள்காதில் நிறமிச் செல்கள் இருக்காது. பிறந்த சில வாரங்களில் உள்காது செத்துப்போகும். ஒரு காது மட்டும் போன நாயைச் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அதன் வழியாகவும் குட்டிகளுக்கு வரும். அப்போதுதான் என் கடுவன் ஞாபகத்துக்கு வந்தது. கூப்பிட்டால் உடனே திரும்பாது, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வரும். நிதானமான நாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த நாயை நம்பித்தான் ராத்திரி பன்றி இறங்கும் காட்டில் படுத்திருந்தோம்.

      

எல்லா வெள்ளையும் செவிடா என்று வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பரம்பரையாக நல்ல நாய் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். 2005-ல் தபால்தலையில் வந்த இனம், எங்கள் பக்கத்து நாய், அதன் பெயர் கெடுவதில் எனக்கென்ன லாபம்? பால்வெள்ளையும் ரோஸ் மூக்கும் கேட்டு விலை ஏற்றுபவர்கள் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, அதுதான் என் ஆத்திரம். முப்பது நாள் குட்டியைக் கேட்டு வந்தார்கள். 8 வாரத்துக்கு முன் கொடுக்கக் கூடாது, பதிவு இல்லாமல் விற்கவும் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதியே இருக்கிறது. நான் ஒன்றையும் விற்கவில்லை. மூன்றைச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தேன். செவிட்டுக் குட்டிகள் இரண்டும் என்னிடமே இருக்கின்றன, காவலுக்கு இல்லை. பகலில் கையசைத்தால் வரும், இருட்டில் டார்ச் அடித்தால் வரும். கடுவனுக்குக் கருத்தடை அறுவை செய்தாயிற்று.

இன்றைக்கு மதியம் உங்கள் நாய்கள் தூங்கும்போது, காற்று படாமல் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையில் மிதிக்காதீர்கள், அதிர்வு தெரிந்து எழுந்துவிடும். மேலே இருக்கும் காது எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். அது புரண்டு படுத்ததும் அடுத்த காதுக்கும் அதேபோல் பாருங்கள். இது முழு நிச்சயம் தராது, அதனால் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சேர்க்காதீர்கள்.