முதுகு ஒப்பரேஷனுக்குப் பிறகு: பத்தியமும் பசியும் அழுகையும்

இந்தமுறை முதுகு ஒப்பரேஷன் செய்தவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன சாப்பிடலாம் என்று தொடங்குகிறவர்களில் பலர் கடைசியில் "மனமும் சரியில்லை" என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரியை நான் விட்டுவிடப்போவதில்லை.

கேள்வி: வயது 46. இடுப்புப் பக்கம் எல்4, எல்5 எலும்புகளை ஸ்குரூ வைத்து இணைத்து மூன்று கிழமை ஆகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து நின்று சமைக்கிறார். காயத்துக்குக் கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்பும் சாப்பாடு என்று முட்டை, மீன், இறால், கத்தரிக்காய், தக்காளி ஒன்றும் கிடையாது. சோறும் சரக்குக் கறியும்தான். பசியில்லை. ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. சும்மா இருக்க அழுகை வருகிறது. இது மனவருத்தமா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, அழுகைக்கு வருமுன் வயிற்றைப் பார்ப்போம், ஐந்து நாள் வெளிக்குப் போகாதவருக்கு உலகத்தில் எதுவும் நல்லதாகத் தெரியாது. உங்கள் நோவுக் குளிசைகளில் ட்ரமடோல் அல்லது கொடீன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் குடலை மந்தமாக்கும். இரும்புக் குளிசையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதோடு கழிப்பறைக்கு எழும்பப் பயந்து தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள், முதுகு ஒப்பரேஷன்காரர் பாதிப்பேர் வீட்டாருக்குத் தெரியாமல் செய்கிற வேலை இது. ஐந்து நாள் என்றால் இனிக் கைவைத்தியம் போதாது. இன்றைக்கே உங்கள் வைத்தியரிடம் கேட்டு லக்டியுலோஸ் போன்ற, மலத்தை இளக்குகிற ஒரு மருந்து எடுங்கள். முக்கி முயற்சி செய்யாதீர்கள், அது முதுகுக்குத்தான் போய் அடிக்கும். மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கிற இசப்கோல் உமி வாங்கிக் கரைக்கவும் வேண்டாம், தண்ணீர் போதாத குடலில் அது இன்னும் இறுகும். வெளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பப்பாசிப்பழம், கீரை, அவித்த பயறு, சிவப்பரிசிச் சோறு, நாளுக்கு எட்டுக் கிளாஸ் அளவில் தண்ணீர் என்று பிடித்துக்கொள்ளலாம். குந்தி இருக்கிற கக்கூஸ் இந்த மாதங்களில் சரிவராது. கொமட்டும் தாழ்வாக இருந்தால் அதன்மேல் வைக்கிற உயர இருக்கை வைத்தியச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டும். மலச்சிக்கலோடு சலம் போக முடியாமல் இருந்தாலோ, தன்னறியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே, இருக்கிற இடம் விறைத்துப்போனாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ அது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல. நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இனி மாமி. கிரந்தி என்ற பேச்சு ஒன்றுமில்லாததில் பிறந்தது அல்ல. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் சூரை மீன் கொஞ்சம் பழுதானாலும் உடம்பு சிவந்து தடித்துக் கடிக்கும், இறாலும் நண்டும் சிலருக்கு ஒவ்வாது. ஆனால் காயம் சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையால் அல்ல, கத்தரிக்காயாலும் அல்ல. உங்களுக்கு முன்பே ஒவ்வாமை இருந்த சாப்பாட்டை விடுங்கள், மிச்சத்தை விடவேண்டாம். இதை மாமிக்கு விஞ்ஞானமாகச் சொன்னால் எடுபடாது, எனக்குத் தெரியும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மாமி, சிசேரியன் செய்த பிள்ளைக்கு நீங்கள்தானே பால்சுறா வறை செய்து கொடுத்தீர்கள், அந்த வயிற்றுக் காயத்துக்கு ஆகின மீன் என்ரை முதுகுக்கு ஏன் ஆகாது?" சரக்குக் கறியை நிறுத்தச் சொல்லவேண்டாம். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் நல்ல சாமான்தான். அதற்குள் மீன் போடச் சொல்லுங்கள். அவருடைய கறி, உங்களுடைய மீன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வெட்டிய தசையும் தோலும் புரதத்தில்தான் மூடும், ஸ்குரூ எலும்பைப் பிடித்துக்கொண்டு மட்டும்தான் நிற்கும், இரண்டு எலும்பும் ஒன்றாக வளர்வது உடம்பின் வேலை, அதற்கு மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடம் வரை போகும். பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 1.2 கிராம் அளவிலாவது புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். பெரிய கணக்குப்போலத் தெரியும், ஆனால் கொழும்பில் ஒரு சாதாரண வீட்டுச் சாப்பாட்டிலேயே வந்துவிடும்: இரண்டு முட்டையில் 12, இரண்டு கிளாஸ் பாலில் 13, மத்தியானம் 100 கிராம் மீனில் 20, கெட்டியான பருப்பில் அரைக் கோப்பைக்கு 9, பின்னேரம் அரைக் கோப்பை அவித்த கடலையில் 7, சோறும் இடியப்பமும் சேர்ந்து மிச்சத்தைத் தரும். சோறும் சரக்குத் தண்ணியும் மட்டும் என்றால் பாதிக்கும் வராது.

பசியில்லாதவரிடம் ஒரு கோப்பை நிறையச் சோற்றை நீட்டினால் பார்த்தவுடனே வயிறு நிரம்பிவிடும். அதனால் சொதியைப் பிடியுங்கள். தேங்காய்ப்பால் சொதி கொதி தணிந்துவரும் நேரத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவைத்து, வெள்ளையும் மஞ்சளும் நன்றாக இறுகியபின் இரண்டு இடியப்பத்தின்மேல் விட்டு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. மெல்லவே தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வேறொன்று, கொஞ்சமாக. கல்சியத்துக்குப் பால், தயிர், குரக்கன் புட்டு, முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, பொன்னாங்காணி. நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்துக் கழுவுங்கள், பிரஷர் இருந்தால் அளவோடு. விட்டமின் டி பிளாட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குறைவுதான், காலி வீதிப் பக்கம் இருந்தாலும் மரைன் டிரைவ் பக்கம் இருந்தாலும் வெயில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கிறது. கிளினிக்கில் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தானாகப் பெரிய டோஸ் வாங்கிப் போடவேண்டாம்.

சரி, அழுகை. மூன்றாம் கிழமை என்பது ஒரு கெட்ட கிழமை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த புதிதில் ஆட்கள் வருவார்கள், தோடம்பழமும் மோல்ட் டின்னும் குவியும், போன் அடிக்கும். பிறகு எல்லாரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், நோ மட்டும் உங்களோடு நிற்கும். அரைப் பசி, அரை நித்திரை, தலையைக் கிறுகிறுக்க வைக்கிற குளிசை, உங்கள் குசினியில் வேறொருவர் — இதற்கு நடுவில் அழாமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன். ஆகவே மனவருத்தம் என்று இன்றைக்கே பெயர் வைக்கவேண்டாம். வயிறு இளகி, சாப்பாடு சரிவந்து ஒரு கிழமை பாருங்கள். அப்படியும் அநேகமாக ஒவ்வொரு நாளும் இரண்டு கிழமைக்கு மேல் மனம் இருண்டே இருந்தால், பிள்ளைகளின் கதையில்கூட விருப்பம் இல்லை என்றால், கிளினிக்கில் நோவைச் சொல்கிற மாதிரியே இதையும் சொல்லுங்கள். மனநல வைத்தியரிடம் போனால் போட்டுக்கொண்டிருக்கும் குளிசை எல்லாவற்றையும் கையில் கொண்டுபோங்கள், ட்ரமடோலும் சில மனச்சோர்வு மருந்துகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. செத்தால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

இன்னொன்று. கட்டிலில் தனியாகச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்குற்றி உருள்வதுபோலப் பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டபடி கையால் ஊன்றி எழும்புங்கள். பிசியோ காட்டித் தந்திருப்பார். பெல்ட் தந்திருந்தால் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த கதிரையில் பதினைந்து இருபது நிமிடம் மேசையில் இருங்கள். மற்றவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டால் இரண்டு வாய் கூடவே இறங்கும்.

கேள்வி: ஆட்டோ ஓடுகிறேன், 53 வயது. டிஸ்க் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம். சீனி வருத்தம் உண்டு. மனைவி வேலைக்குப் போகிறா, நான் வீட்டில். எல்லாரிலும் எரிந்து விழுகிறேன். கெதியாக எழும்ப என்ன சாப்பிடவேண்டும்? சிகரெட் குறைத்துவிட்டேன்.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அண்ணன், என்ன சாப்பிடவேண்டும் என்பதைவிட எதை விடவேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பெரிது. சிகரெட்டைக் குறைத்தது போதாது, நிறுத்துங்கள். நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும், இரத்தம் போகாத இடத்தில் எதுவும் ஆறாது, வெற்றிலையோடு போடுகிற புகையிலைக்கும் இதே கதைதான். சீனி ஏறி நின்றால் காயத்தில் கிருமி பிடிக்கச் சுகம். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த மோல்ட்டையும் கிறீம் பிஸ்கட்டையும் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருந்தால் கை தானாகப் போகும். காலையில் பாணும் சம்பலும் என்றால் பாணைப் பாதியாக்கி முட்டையோ பருப்போ சேருங்கள். மத்தியானக் கோப்பையில் பாதி மரக்கறியும் வல்லாரைச் சம்பலும், கால் பங்கு மீன், மிச்சக் கால் பங்குதான் சோறு. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் மாச்சத்துதான்.

எரிந்து விழுவது பற்றி. ஆம்பிளைகள் பலருக்குக் கவலை கோபமாகத்தான் வெளியே வரும், அழுகிறதை யாரும் பழக்கவில்லை. முப்பது வருடம் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு மனைவியிடம் பஸ் காசு கேட்பது கசக்கும்தான். அதை மனைவியிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லிப்பாருங்கள், "எனக்கு வெட்கமாக இருக்கு" என்று. சண்டையைவிடக் குறைந்த நேரம்தான் எடுக்கும். கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி கீரை ஆயலாம், வீட்டுக் கணக்கை எழுதலாம், ஆனால் குனிகிற, தூக்குகிற, இடுப்பைத் திருகுகிற வேலை வேண்டாம். பொழுதுபட ஒரு அரைப் போத்தல் எடுத்தால் நோவும் கோபமும் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம்: ட்ரமடோலோ, நரம்பு நோவுக்குத் தருகிற பிரிகபலினோ போடுகிறவர் குடித்தால் நித்திரையிலேயே மூச்சு மந்தமாகும். அந்தக் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆட்டோவை எப்போது எடுக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். தூக்கம் வரவைக்கிற குளிசை போடும்வரை எடுக்கவே வேண்டாம். குலுக்கல் ஒரு பக்கம், சவாரிக்காரரின் உயிர் ஒரு பக்கம்.

கேள்வி: 29 வயது. டிஸ்க் எடுத்து ஆறு கிழமை. கால் வலி போய்விட்டது, ஆனால் பெருவிரல் இன்னும் விறைப்பு. ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா? இரவு முழுக்க போனில் இதையே வாசிக்கிறேன், நித்திரை இல்லை.
— தெகிவளை வாசகர்

பதில்: தம்பி, வலி போனது நல்ல அறிகுறி. வழக்கமாக வலி முதலில் போகும், பலம் பிறகு வரும், விறைப்புத்தான் கடைசி, அது மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் நிற்கும். பழுதான நரம்பு நார் திரும்ப வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான், இடுப்பிலிருந்து பெருவிரல் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். விறைப்பு கூடிக்கொண்டு போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், காய்ச்சலோ காயத்தில் கசிவோ வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே காட்டுங்கள். அது ஒன்றும் இல்லையென்றால் போனை இரவு ஒன்பது மணிக்குக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு வாருங்கள். ஒப்பரேஷன் சரிவந்தவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அதைப்பற்றி எழுதமாட்டார், அதனால் நீங்கள் வாசிக்கிறதெல்லாம் சரிவராதவர்களின் கதை. மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி, பிளேன்டீ இரண்டையும் விடுங்கள். வெயில் தாழ நடங்கள், முதலில் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. வீதியில் குழி பார்த்து.

கேள்வி: அம்மாவுக்கு 70. நரம்பு நெரிபட்டு முதுகெலும்பில் ஒப்பரேஷன் செய்தது. சுத்த மரக்கறி, முட்டையும் இல்லை. கடலை, பயறு கொடுத்தால் பல்செற் ஆடுகிறது என்று வைத்துவிடுகிறா. பாமசியில் புரத மா டின் வாங்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகி

பதில்: வாங்கலாம், ஆனால் முதலில் சிறுநீரக இரத்தப் பரிசோதனை, கிரியேட்டினின் பார்த்துவிட்டு. இந்த வயதில் அதைப் பார்க்காமல் புரத மா கொடுப்பது சரியல்ல. சிறுநீரகம் சரி என்றால்கூட டின் அவ்வளவு அவசியமில்லை: கரைக்கிற பாலில் பால்மா ஒரு கரண்டி கூட, உளுத்தங்களி, நன்றாக மசித்த பருப்பு, தயிர், பனீர், ஊறவைத்துச் சின்னதாக அரிந்த சோயாமீற். அதோடு வருகிற மசாலாப் பக்கற்றில் உப்பு அதிகம், எறிந்துவிடுங்கள். மரக்கறிக்காரருக்கு விட்டமின் பி12 குறைவது வழக்கம், சீனி வருத்தத்துக்கு மெட்போமின் போட்டால் இன்னும் குறையும், அதுவும் கால் விறைப்பைத் தரும், ஆகவே அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்செற்றைப் பல் வைத்தியரிடம் இந்தக் கிழமையே கொண்டுபோய் இறுக்குங்கள். அம்மா கடலையை ஒதுக்குவதற்கு முதுகு காரணமே இல்லை.