அழியும் புறாக்கள், நம் சோலைக்காடுகள்: கேள்வி பதில்

உதகையிலிருந்து: பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் புறாதான். பிறகு எது சார் அழியுது?

பஸ் ஸ்டாண்டில் இருப்பது மாடப்புறா. கட்டட இடுக்கும் சிந்திய தானியமும் இருந்தால் அதற்குப் போதும். உலகில் சுமார் 350 புறா இனங்கள் உண்டு. அவற்றில் பல ஒரே தீவையோ ஒரே காட்டையோ நம்பியிருப்பவை. அழிவு அங்கேதான். மொரீசியஸ் தீவில் அழிந்துபோன டோடோவும் புறாக் குடும்பமே.

கொடைக்கானலிலிருந்து: கோடிக்கணக்கில் இருந்த பயணிப் புறா எப்படி அழிந்தது?

வட அமெரிக்காவில் 300 முதல் 500 கோடி வரை இருந்ததாக மதிப்பீடு. அவை பெருங்கூட்டமாக ஒரே இடத்தில் கூடு கட்டும். அந்த இடத்தைத் தந்தி வேட்டைக்காரர்களுக்குச் சொன்னது. ரயில் இறைச்சியை நகரத்துக்குக் கொண்டுபோனது. கூட்டுக்கு ஒரே முட்டை. அடைகாக்கும் பறவையையும் குஞ்சையும் சேர்த்துக் கொன்றதால் இழப்பு ஈடாகவில்லை. கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. நம் நீலகிரி காட்டுப்புறாவும் ஒரு முட்டைதான் இடும். அதனால்தான் ஒரு கூடு கலைந்தாலும் எனக்குப் பதறுகிறது.

கோத்தகிரியிலிருந்து: லாங்வுட் சோலையில் நீலகிரி காட்டுப்புறாவை எப்படி அடையாளம் கண்டு எண்ணுவது?

சாம்பல் தலை, செம்பழுப்பு முதுகு, பிடரியில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம். அந்தக் கட்டம் இல்லாமல், வால்நுனியில் அகலமான வெளிர்பட்டை தெரிந்தால் அது இன்னொரு பெரிய மலைப்புறா. குரல் ஆழமான 'ஹூ'. கருமந்தியின் குரலென்று ஏமாந்துவிடுவார்கள். விடிந்ததும் ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். அடுத்த இடம் 250 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பழுத்த மரத்தடியில் மட்டும் நின்று எண்ணாதீர்கள்: சுற்றுவட்டாரப் புறாக்கள் அங்கே கூடிவிடும், கணக்கு ஊதிப்போகும்.

குன்னூர் எஸ்டேட்டிலிருந்து: காட்டுப்புறாவுக்குத் தானியம் வைக்கலாமா, மரம் நடலாமா?

தானியம் வேண்டாம், மாடப்புறாதான் பெருகும். கூட்டமாகத் தின்னும் இடத்தில் தொண்டைப்புண் நோயும் பரவும். மொரீசியஸின் இளஞ்சிவப்புப் புறாக் குஞ்சுகளை அந்நோய் இன்றும் கொல்கிறது.

மரம் நடுங்கள். காட்டு நாவல், காட்டு லவங்கம் போன்ற சோலை மரங்களே சரி; சில்வர் ஓக்கில் புறாக்கள் தின்னப் பழமில்லை. தோட்டத்தை ஒட்டி விழும் பழத்தின் சதையைக் கழுவி, அந்த வாரமே நிழலில் விதையுங்கள். காயவிட்டால் முளைக்காது. கன்றை ஜூன் மழையில் நடுங்கள். சீகை மரத்தை (வாட்டில் என்னும் அந்நிய மரம்) ஒரேயடியாக வெட்டினால் கன்று பனியில் கருகும், சீகை விதையும் மொத்தமாக முளைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பழனியிலிருந்து: மீண்டு வந்த புறா உண்டா?

அந்த இளஞ்சிவப்புப் புறாவேதான். 1990இல் காட்டில் சுமார் 10. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டும், எலி பூனைகளைப் பிடித்தும் இப்போது சில நூறு. ஆனால் மெக்சிகோவின் சொக்கோரோ தீவுப் புறா இன்னும் மீளவில்லை. அதைக் காட்டில் கடைசியாகப் பார்த்தது 1972இல். மனிதர் வளர்ப்பில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.