பள்ளிச் சுவரில் பத்துக் கட்டளைகள்: கேள்வி பதில்

அமெரிக்க மாநிலங்களான லூசியானா 2024லும் டெக்சஸ், ஆர்கன்சா 2025லும், மோசே வழியாகக் கடவுள் கொடுத்ததாக பைபிள் சொல்லும் பத்துக் கட்டளைகளை அரசுப் பள்ளி வகுப்பறைகளில் மாட்டச் சட்டம் போட்டன. அமெரிக்க அரசமைப்பு வழக்குகளைப் பல காலமாகப் படித்துவருகிறேன். கேளுங்கள்.

கே: இதற்கு முன்பு யாரும் முயன்றதில்லையா?

ப: கென்டக்கி 1978இல் செய்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசமைப்பு விதியின்படி 1980இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மாட்டிய தாளின் அடியில், மேற்கத்திய சட்டத்துக்கே இதுதான் அடிப்படை என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்கள். நோக்கம் மதம்தான், அந்தக் குறிப்பால் அது மாறாது என்றது நீதிமன்றம்.

கே: அப்படியானால் மறுபடி எந்தத் தைரியத்தில்?

ப: 2022இல், மைதானத்தில் ஜெபம் செய்த பிரெமர்டன் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கில், நோக்கம் மதமா என்று பார்க்கும் பழைய அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டு, வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கச் சொன்னது. அந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள்.

கே: நன்கொடையில் வந்த தாள் என்றால் தப்பில்லையே?

ப: கென்டக்கியிலும் நன்கொடைதான். எடுபடவில்லை. வாட்ஸ்அப்பை நம்பாமல் சட்ட வாசகத்தைப் படியுங்கள்.

கே: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே கட்டளைகள்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?

ப: இல்லை. நம் ஊர் ஆர்.சி. கோயிலில் ஓய்வுநாள் மூன்றாம் கட்டளை, சி.எஸ்.ஐ. கோயிலில் நான்காவது. யூதர்களுக்கோ, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட கடவுள் நானே என்பதே முதலாவது. லூசியானா சட்டத்தில் எகிப்து என்ற சொல்லே கிடையாது.

கே: வரிசை எண் மாறினால் என்ன ஐயா? சாரம் ஒன்றுதானே? வீணாகப் பெரிதாக்குகிறீர்கள்.

ப: எண்ணோடு நிற்கவில்லை. விக்கிரகம் செய்யாதே என்பதைக் கத்தோலிக்கர் முதல் கட்டளைக்குள் அடக்குகிறார்கள். சீர்திருத்த சபைகள் பலவற்றில் அது தனிக் கட்டளை. இதற்காக ஐரோப்பாவில் கோயில் சிலைகளையே உடைத்திருக்கிறார்கள். லூசியானா சட்டம் மாட்டவேண்டிய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் விதிக்கிறது. அதாவது, எந்த வாசகம் சரி என்று சட்டமன்றமே முடிவு செய்துவிட்டது. அந்த வேலை அரசுக்கு எதற்கு? கடைசிக் கட்டளையில் பிறனுடைய மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை என்று ஒரே வரிசையில் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளை அதை நிமிர்ந்து பார்த்து அர்த்தம் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? அதை விளக்கவேண்டியது பெற்றோர், அல்லது அவர்களுடைய கோயில். நம்பிக்கை உள்ள குடும்பங்களின் உரிமையும் இதில்தான் பறிபோகிறது.

கே: நன்கொடையாகக் கொடுத்தால்...

ப: மேலே பதில் இருக்கிறது.

கே: உச்ச நீதிமன்றக் கட்டடத்திலேயே மோசே சிற்பம் இருக்கிறதே?

ப: இருக்கிறது, பண்டைய பாபிலோன் அரசர் அமுராபி, சீன அறிஞர் கன்பூசியஸ் ஆகியோரோடு சேர்த்து. 2005இல் டெக்சஸ் சட்டமன்ற வளாகத்தில் இக்கட்டளைகள் பொறித்த கல்லைக்கூட நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அதைப் பார்க்காமல் நடந்துபோகலாம். பள்ளிக்கு வரச் சொல்லிப் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது சட்டம்.

கே: டெக்சஸில் ஆசிரியை நான். நன்கொடைத் தாள் வந்திருக்கிறது. கழற்றிவிடலாமா?

ப: நீங்களாகக் கழற்றாதீர்கள் அம்மா, வேலைக்கு ஆபத்து. குறைந்தது 16க்கு 20 அங்குலம் உள்ள தாளை யாராவது கொடுத்தால் பள்ளி வாங்கியே ஆகவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் 2025 ஆகஸ்டில் ஒரு நீதிபதி சில பள்ளி மாவட்டங்களுக்கு (உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களுக்கு) மட்டும் தடை போட்டார். பின்னர் மேல்முறையீட்டில் நிலை மாறியிருக்கலாம். அதனால் உங்கள் பள்ளி மாவட்டத்தின் இப்போதைய உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.