துருவுக்குப் புத்தி ஏது?

கேள்வி: துரு பிடிக்காது என்று நம்பி வைத்த காவேரி ரகக் காப்பியிலும் இந்த மழைக்கு இலைத்துரு வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகன், "பூஞ்சை நம்ம செடிக்கு ஏத்த மாதிரி தன்னைத் தகவமைச்சுக்கிச்சுப்பா, டார்வின் சொன்னது அதுதான்" என்கிறான். கண்ணுக்கே தெரியாத பூஞ்சைக்கு அவ்வளவு புத்தி ஏது? தேவை வந்தால் எந்த உயிரும் மாறிக்கொள்ளும் என்றால், சாகக் கிடக்கிற என் செடி மட்டும் ஏன் மாறிக்கொள்ளவில்லை?
(காப்பி விவசாயி ஒருவர், நாகலூர், ஏற்காடு)

பதில்: உங்கள் மகன் சொன்ன பதிலைவிட உங்கள் கேள்வி உயர்ந்தது. பூஞ்சைக்குப் புத்தி கிடையாது. அது உங்கள் செடியைப் பார்த்துத் திட்டம் போடவில்லை. அப்படிப் போடும் என்று டார்வினும் சொல்லவில்லை. மகனைக் கோபிக்காதீர்கள், 'சூழலுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது' என்று எழுதி மார்க் வாங்காதவர் நம்மில் யார்? என் கோபமெல்லாம் அந்த வாக்கியத்தில் ஒட்டியிருக்கும் 'கொள்' மேல்தான்.

தமிழில் 'கொள்' சேர்ந்தால், செய்கிறவர் தனக்காகத் தானே செய்கிறார் என்று காதில் விழும். தலை வாரிக்கொண்டாள், கதவைச் சாத்திக்கொண்டான். அங்கே ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஓர் எண்ணமும் வேண்டும். சேலத்து வெயிலில் வளர்ந்தவர் ஏற்காட்டுக்கு வேலைக்கு வந்தால் முதல் நாள் கம்பளியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பத்தாம் நாள் அரைக்கைச் சட்டையோடு டீக்கடையில் நிற்பார். உடம்பு பழகிக்கொண்டது, இங்கே 'கொள்' பொருந்தும். ஆனால் அந்தப் பழக்கம் அவரோடு சரி. பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. பழகியதெல்லாம் வாரிசுக்கும் போகும் என்று 1809-இல் எழுதியவர் பிரான்சின் லாமார்க். அதே ஆண்டில் பிறந்த டார்வின் 1859-இல் முன்வைத்த இயற்கைத் தேர்வு வேறு சங்கதி. அதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம்.

போன ஐப்பசியில் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலில், துரு பிடித்த இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கமெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளிகள். கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தேன். கேசரிப் பவுடரைத் தொட்டதுபோல் ரேகை முழுக்க ஆரஞ்சுத் தூள். அதில் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஒரே ஒரு புள்ளி தன் ஆயுளில் லட்சக்கணக்கில் வித்துகளை உதிர்க்கும். காற்றில் போகும், மழைத்துளி தெறித்துப் பக்கத்து இலைக்குப் போகும், பழம் பறிக்க வருகிறவர்களின் துணியில் ஒட்டிக்கொண்டும் போகும்.

இத்தனை லட்சமும் ஒரே அச்சா என்றால், இல்லை. வித்து உண்டாகும்போது மரபணு நகலெடுக்கப்படுகிறது. எங்காவது ஓர் எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகுகளால் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. சில பிசகுகள் அந்த வித்தையே கொன்றுவிடும். எப்போதோ ஒன்றில், செடியின் காவல் எதை வைத்துத் துருவை அடையாளம் காணுமோ அந்தப் பொருளே மாறிப்போகிறது. காவல்காரர் கையில் இருக்கும் படத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் பொருத்தமில்லை, உள்ளே விட்டுவிடுகிறார்.

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். அந்தப் பிசகு காவேரிச் செடிக்காக நேர்ந்தது இல்லை. காவேரி என்ற ரகமே பிறக்காத காலத்திலும் நகலில் பிழை விழுந்துகொண்டுதான் இருந்தது. அப்போது அதனால் தனி லாபமில்லை, கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்தது. நீங்கள் காவேரி நட்டதும் மற்ற வித்துகள் இலையில் விழுந்து வீணாகப் போயின. பிசகிய அந்த ஒன்று பிழைத்தது. உங்கள் இலைக்கடியில் இருப்பவை அதன் பிள்ளைகள். எந்த வித்தும் மாறிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே வேறாக இருந்தது மிஞ்சியது. இதுதான் இயற்கைத் தேர்வு.

இதைக் கண்ணெதிரே அளந்து பார்த்தவர்கள் உண்டு. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் தாப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி. 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நம் காலில் குத்துமே நெருஞ்சி, அதன் பங்காளியான ஒரு செடியின் முள்காய்தான் பெரும்பாலும் எஞ்சியது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அவர்கள் அளந்துவந்த இனக் குருவிகளில் சுமார் 100-க்கு 15 மட்டுமே பிழைத்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரர்களே அதிகம். அடுத்து வந்த குஞ்சுகளுக்கும் சராசரியில் அலகு தடித்திருந்தது. பசித்தது என்பதற்காக எந்தக் குருவிக்கும் அலகு வளர்ந்துவிடவில்லை. சில வருடம் கழித்துப் பெருமழை பெய்து சின்ன விதைகள் குவிந்தன. அப்போது சிறிய அலகுக்கு நல்ல காலம். ஆகையால் 'வல்லது வாழும்' என்று இதைச் சுருக்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்த வாசகத்தை 1864-இல் உண்டாக்கியவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சர். டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார்.

துருவின் கதைக்குத் திரும்புகிறேன். 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அந்தத் தீவின் காப்பியையே ஒழித்து, தேயிலைக்கு இடம்விட வைத்த நோய் இது. 1911-இல் மைசூர்ப் பக்கம் கென்ட் என்ற தோட்டக்காரர் துரு தொடாத ஒரு செடியைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு கென்ட் செடியிலும் ஆரஞ்சுத் தூள். கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் மெயின் என்பவர் 1930-களில் துருவிலேயே தனித்தனி இனங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். எஸ்.795 என்ற புது ரகம் வந்தது, அதையும் ஏதோ ஓர் இனம் தொட்டது. திமோர் தீவில் அராபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காப்பி இனங்கள் தாமாகவே கலந்து பிறந்த மரத்தின் வழியில் வந்தது உங்கள் காவேரி. இன்றைக்குத் துருவில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் கணக்கில் இருக்கின்றன.

செடி ஏன் மாறவில்லை என்றீர்களே, எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான். அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. பிள்ளைகள் தாயின் சாயலிலேயே இருக்கும். வேறுபாடு குறைந்தால் மிஞ்சுவதற்கு ஆளும் குறைவு. அடுத்தது காலம். நாற்று முதல் பழம் காட்ட மூன்று நான்கு வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் துரு மாதம் சொச்சத்தில் அடுத்த தலைமுறையைக் கிளப்பிவிடும். உங்கள் செடி தாயாகும் முன் துருவுக்குப் பாட்டன் பூட்டன் கணக்கெல்லாம் தாண்டியிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது, உங்கள் தோட்டத்தில் எந்தச் செடி வாரிசு விடலாம் என்று முடிவு செய்வது துரு இல்லை, நீங்கள். இலை கொட்டி மொட்டையான செடியைப் பிடுங்கிவிட்டு நர்சரியிலிருந்து அதே நாற்றை வைக்கிறீர்கள். தேர்வு நடக்கவே இடமில்லை.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை மட்டும் 1880-களிலிருந்து எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்பீர்கள். மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம் பூஞ்சையை ஒரே இடத்தில் தாக்குவதில்லை, பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஒரு பிசகு அதிலிருந்து காப்பாற்றாது. ஆகவே ரகத்தை நம்பித் தெளிப்பை நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். துரு உச்சத்தில் இருக்கும்போது வரிசை வரிசையாக நடக்கச் சொல்லுங்கள். சுற்றியிருப்பவை மொட்டையாக நிற்க, ஏதாவது ஒரு செடி இலையோடு நின்றால் அதில் சிவப்புத் துணி கட்டட்டும். நிழலாலா, மண்ணாலா, பிறப்பாலா என்று அப்போதே தெரியாது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அதே செடியைப் போய்ப் பார்க்கட்டும். அப்போதும் இலை நின்றால் அதன் பழத்தைத் தனியாகப் பறித்து, தனிப் பாத்தியில் விதை போடட்டும்.