போர்ட்டுக்கு யார் யார் பங்காளி?

அன்புள்ள ஐயா,

என் மகள் காரைக்குடியில் 9-ம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலச் சொற்களை நாளுக்கு 20 என்று மனப்பாடம் செய்கிறாள். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. லத்தீன் வேரைப் பிடித்தால் ஒரு வேருக்குப் பத்துச் சொல் வரும் என்று டியூஷனில் 300 வேர்கள் கொண்ட பட்டியல் கொடுத்தார்கள். அதில் 'போர்ட் - சுமத்தல்' என்று இருந்தது. அதை வைத்து 'போர்ட்ரெய்ட்' என்பதற்குச் 'சுமக்கும் பொருள்' என்றும், 'இம்பார்ட்டன்ட்' என்பதற்கு 'இறக்குமதியான' என்றும் எழுதினாள். வகுப்பில் சிரித்துவிட்டார்களாம். இப்போது பட்டியலைத் தொடவே மறுக்கிறாள். இந்த முறை உண்மையிலேயே பயன்படுமா? பயன்படும் என்றால் எப்படிச் செய்ய வேண்டும்?

ஒரு தாய், காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முறை பயன்படும், பட்டியல் பயன்படாது. 300 வேர்களை உருப்போடுவதும் 300 புதுச் சொற்களை உருப்போடுவதும் ஒன்றுதான். தெரியாத சொல்லுக்குப் பொருளை ஊகிக்க வேரை நம்பக் கூடாது. அகராதியில் பொருளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட சொல் நழுவாமல் இருக்க ஊன்றும் கொழுகொம்புதான் வேர். பொருள் முதலில், வேர் பிறகு. உங்கள் மகள் இந்த வரிசையை மாற்றிவிட்டாள், அவ்வளவுதான். அவளுடைய இரண்டாவது விடையில் பாதி உண்மையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'சுமத்தல்' என்ற மொழிபெயர்ப்பிலேயே கோளாறு தொடங்கிவிட்டது. செட்டிநாட்டில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். 'போர்ட்டாரே' என்ற லத்தீன் வினைக்கு அந்தக் 'கொண்டு' என்பதைவிட நல்ல தமிழ் கிடைக்காது. அதை வைத்துப் பாருங்கள். உள்ளே கொண்டுவந்தால் இம்போர்ட், வெளியே கொண்டுபோனால் எக்ஸ்போர்ட், ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டுசேர்த்தால் டிரான்ஸ்போர்ட். போய்ப் பார்த்தவர் செய்தியைத் திரும்பக் கொண்டுவந்தால் அது ரிப்போர்ட். ஒருவரை நாட்டை விட்டே கொண்டுபோய் விட்டால் டிபோர்ட். கீழே நின்று தாங்கிக்கொண்டால் சப்போர்ட். கையில் கொண்டுபோகக்கூடியது போர்ட்டபிள்.

பிள்ளைகள் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டையும் மாற்றிப் போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் ஏற்றுமதி, இறக்குமதி என்கிறோம். கப்பலுக்குப் பக்கத்தில் நின்று, சரக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிற பார்வை அது. லத்தீன் நிலைவாசலில் நின்று, உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பார்க்கிறது. சினிமாக் கொட்டகையின் 'எக்ஸிட்' பலகையில் இருக்கும் 'எக்ஸ்'தான் எக்ஸ்போர்ட்டிலும் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிய மார்பிளும் செட்டிநாட்டு வீடுகளுக்கு எந்தச் சொல்லால் வந்தன என்று அவளே சொல்லிவிடுவாள்.

அடுத்த சிக்கல் முன்னொட்டு. 'உள்ளே' என்பதற்கு லத்தீனில் 'இன்' (in), 'கீழே' என்பதற்கு 'சப்' (sub). பிறகு ஏன் 'இன்போர்ட்' இல்லை? சப்போர்ட்டில் ஏன் இரண்டு 'பி' (p) வருகிறது? தமிழ்ப் பிள்ளைக்கு இது எளிது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பின்னால் வரும் ககரத்துக்கு ஏற்றபடி மகரம் ஙகரமாகிறது. அதே போல, பின்னால் இதழ் மூடிச் சொல்லும் ஒலி வருவதால் 'இன்' என்பது 'இம்' ஆனது. 'சப்' என்பதன் கடைசி எழுத்தும் அடுத்து வரும் 'பி'யோடு ஒத்துப்போய்விட்டது. இலக்கண வகுப்பில் படித்த புணர்ச்சியே இது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எழுத்துப்பிழையும் குறையும், ஏனென்றால் இரட்டை எழுத்து வருகிற இடம் அவளுக்கு முன்பே தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: 'இம்பாசிபிள்' என்பதில் வரும் 'இம்' வேறு, அது 'இல்லை' என்று பொருள்படுவது. வடிவம் ஒன்று, முன்னொட்டு இரண்டு.

இப்போது போர்ட்ரெய்ட். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் ஒருவரைப் பங்காளி என்று ஒப்புக்கொள்வார்களா? எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம், எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். சொல்லிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். போர்ட்ரெய்ட் வந்தது 'இழு' என்று பொருள்படும் 'டிராஹெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து. வயலில் கலப்பையை இழுக்கும் டிராக்டர்தான் அதன் பங்காளி. கோடு இழுத்து வரைந்த உருவம் போர்ட்ரெய்ட். 'மாடி போர்ஷன் வாடகைக்கு' என்கிறோமே, அந்தப் போர்ஷனும் வேறு கோயில்தான். பங்கு என்று பொருள்படும் 'போர்ஷியோ' அதன் மூலம். புரொபோர்ஷன் அதன் உறவு.

அருகிலேயே இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. 'போர்ட்டா' என்றால் வாசல், 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம். மிகப் பழைய மூலத்தில் இவையும் 'போர்ட்டாரே'யும் ஒன்று சேர்ந்தாலும் லத்தீனிலேயே தனித்தனிச் சொற்களாகிவிட்டன. முகப்புக்கு முன்னால் கார் வந்து நிற்கும் போர்ட்டிகோ, வாசல் குடும்பம். பாஸ்போர்ட், துறைமுகக் குடும்பம். துறையைக் கடந்துபோக அனுமதிக்கும் சீட்டு. ஆப்பர்ச்சுனிட்டியும் அங்கேதான் பிறந்தது: கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளும் காற்றுக்கு லத்தீனில் சொன்ன சொல், தக்க தருணம் என்றாகி, வாய்ப்பு என்று முடிந்தது. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது போர்ட்டர். ரயிலடியில் பெட்டி தூக்குபவர் 'போர்ட்டாரே' வழி. இங்கிலாந்தில் கட்டட வாசலைக் காப்பவரையும் போர்ட்டர் என்பார்கள், அவர் 'போர்ட்டா' வழி. ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து, இரண்டு குடும்பம்.

இம்பார்ட்டன்ட் உண்மையிலேயே இம்போர்ட்டின் பங்காளி. உள்ளே கொண்டுவருவது, அதனால் விளைவைக் கொண்டுவருவது, ஆகவே பொருட்படுத்த வேண்டியது என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. உங்கள் மகள் குடும்பத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாள். பிறந்த இடத்தின் பொருளையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டாள். இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவளைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியதில்லை. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இப்படிப்பட்ட சொற்கள் பெருவாரியாகப் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் வந்தன. வழியில் உருவும் பொருளும் தேய்ந்தன. 'ஸ்போர்ட்' கூட 'டிஸ்போர்ட்' என்பதன் தலை உதிர்ந்த வடிவம். வேலையிலிருந்து மனத்தை வேறு பக்கம் கொண்டுபோவது.

செய்முறைக்கு வருகிறேன். 80 பக்க நோட்டு ஒன்று போதும். வாரத்துக்கு ஒரு வேர், வேருக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் மூன்று அல்லது நான்கு. அவை இல்லாமல் வேரைத் தொடங்கவே வேண்டாம், புதுச் சொல்லைத் தொங்கவிட ஆணி இருக்காது. அவற்றுக்குக் கீழே புதியவை நான்கு, அதற்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் முன்னொட்டுக்கும் வேருக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்து எழுதி, எதிரில் 'கொண்டு' வரும்படி ஒரு தமிழ் வரி, அதன் கீழே அகராதி தரும் இன்றைய பொருள், பிறகு அவளே அமைத்த ஓர் ஆங்கில வாக்கியம். இரண்டு பொருளையும் தனித்தனியாக எழுதுவதுதான் முக்கியம். ஒன்றாகக் கலந்தால் 'இறக்குமதியான' மறுபடியும் வரும். வலப்பக்கம் வேற்றுக் கோயிலாருக்கு: போர்ட்ரெய்ட், போர்ஷன், போர்ட்டிகோ, பாஸ்போர்ட். சந்தேகம் வந்தால் பெரிய அகராதியில் சொல்லின் பிறப்பு தந்திருப்பார்கள். பாக்கெட் அகராதியில் அது இருக்காது.

முதல் நாள் எழுதியதை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பது போதாது, நினைவிலிருந்து எடுத்து எழுதினால்தான் நிற்கும். வாய்விட்டும் சொல்லட்டும்: இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றும் பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாம் அசையில். ரிப்போர்ட், சப்போர்ட் எப்போதுமே இரண்டாம் அசைதான்.

முதல் வேராகப் போர்ட்டை எடுத்தது நல்லதுதான், அது உரு மாறாது. பல லத்தீன் வினைகள் ஆங்கிலத்தில் இரண்டு உருவில் திரியும். இரண்டாம் வாரத்துக்கு 'எழுது' என்னும் வேரை எடுங்கள்: வினையில் 'ஸ்க்ரைப்', பெயரில் 'ஸ்கிரிப்ட்'. டிஸ்க்ரைப் டிஸ்கிரிப்ஷன் ஆகும், சப்ஸ்க்ரைப் சப்ஸ்கிரிப்ஷன் ஆகும். கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட்; தமிழிலும் கையெழுத்துப் பிரதிதான். இடப்பக்கத்தின் முதல் சொல்லுக்கு வீட்டில் இருக்கும் டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுங்கள். முன்கூட்டி எழுதி விதிப்பது என்ற பொருளில் அது பிரிஸ்கிரிப்ஷன்.